கத்தரிக்கோல் யார் கையில்?

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனுடைய கால்சட்டைத் தையலை நான் பிரித்தேன். காலைக் கூட்டத்தில் முந்நூறு பிள்ளைகள் வரிசையாக நிற்க, கொடிக்கம்பத்தின் அடியில் அவனை நிறுத்தி, பிளேடு ஒன்றை என் கையில் கொடுத்து, "பிரியுங்கள், ஆசிரியரே!" என்றார் எனக்கு மேலிருப்பவர். நானும் பிரித்தேன். இதைச் சொல்லிவிட்டுத்தான் வரலாறு பேசப் புகவேண்டும். ஊராரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்க நினைப்பவன், தான் முதலில் அதில் ஏறி நிற்பதுதானே முறை!

அவன் செய்த குற்றந்தான் என்ன? அரசு அளித்த இலவசச் சீருடை அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது. இரண்டு கால்கள் நுழையவேண்டிய இடத்தில் நான்கு கால்கள் நுழையலாம், அப்படியொரு கால்சட்டை! அவன் அன்னை தையல் தைத்துப் பிழைப்பவர். அன்னை உறங்கிய பிறகு, அந்தத் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து, தன் காலுக்கேற்ப அதனைப் பிடித்துத் தைத்துக்கொண்டான். சட்டைக் காலரைச் சற்றே கூராக்கிக்கொண்டான். துணி அதே துணி. நிறம் அதே நிறம். புதிதாக ஒரு காசு செலவில்லை. மறுநாள் நிமிர்ந்த நடையுடன் பள்ளிக்கு வந்தான். வந்ததும் வந்தது வினை!

வீட்டில் தந்தை சொன்னது: "படிக்கிற பிள்ளைக்குப் பகட்டு எதற்கு?" பள்ளியில் சொன்னது: "ஒழுங்கீனம்!" வீடும் பள்ளியும் வேறெந்தக் காரியத்திலாவது இவ்வளவு விரைவில் ஒற்றுமை கண்டதுண்டா? அவன் மூன்றாண்டுகளாகக் கணக்கில் தடுமாறியபோது கூடாத கூட்டம், கால்சட்டையின் அகலம் நான்கு விரற்கடை குறைந்தவுடன் கூடிவிட்டது!

பிளேடை வைத்து நூலை அறுக்கும்போதுதான் கவனித்தேன். தையல் நேராக இருந்தது. கோடு போட்டு இழுத்ததுபோல், இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஓரிடத்திலும் பிசகாமல் இருந்தது. பதின்மூன்று வயதுச் சிறுவனின் கை வேலை! அந்த நேர்த்தியைப் பாராட்டவேண்டிய ஆசிரியன், அதனை அறுத்துக்கொண்டிருந்தேன். அவன் அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. கால்சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஒரு சிறுவன் தன் உடையைத் தானே திருத்திக்கொண்டால், பெரியவர் உலகம் ஏன் இப்படிப் பதறுகிறது? கல்லூரியில் படித்த வரலாற்று ஏடுகளை எடுத்துப் புரட்டினேன். ஒரு சட்டையைக் கண்டு ஒரு மாநகரமே மருண்டு, நீதிமன்றம் முகஞ்சுளித்து, கடற்படை வீரர்கள் கழியேந்திக் கிளம்பிய கதையொன்று கிடைத்தது. கேளுங்கள் தோழர்களே, அந்தச் சட்டையின் கதையை!

நீளச் சட்டை

அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையிலே லாஸ் ஏஞ்சலஸ் என்றொரு நகரம். 1781-ஆம் ஆண்டு ஸ்பானியர் அமைத்த ஊர். பின்னர் மெக்சிகோவுக்கு உரியதாக இருந்து, 1848-இல் போரின் முடிவில் அமெரிக்காவின் கைக்கு மாறியது. அந்த மண்ணில் மெக்சிக இனத்தார் வாழ்ந்தனர். 1910-இல் மெக்சிகோவில் புரட்சி வெடித்தபின் மேலும் பலர் வந்து சேர்ந்தனர். தோட்டத்தில் பழம் பறித்தனர், இருப்புப்பாதை போட்டனர், நகரத்தை வளர்த்தனர். நகரம் அவர்களுக்குத் தந்ததென்ன? அவர்தம் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி. தாய்மொழியான ஸ்பானிய மொழியைப் பள்ளியில் பேசினால் தண்டனை. தென் கலிபோர்னியாவின் சில ஊர்களில், பொது நீச்சல் குளத்தில் அவர்கள் இறங்க வாரத்தில் ஒரே நாள். அதுவும் எந்த நாள்? குளத்து நீரை வெளியேற்றப் போகும் நாளுக்கு முந்திய நாள்! குளத்துக்கும் தீட்டு உண்டு என்பதை நம்மூர் வைதிகர் மட்டுமே கண்டுபிடித்தார்கள் என்று எண்ணியிருந்தோமே, அந்தப் பெருமை நமக்கு மட்டும் உரியதன்று போலும்!

இந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் 1930-களின் இறுதியிலும் 1940-களின் தொடக்கத்திலும் இளைஞராயினர். பெற்றோர் எதிர்பார்த்தது: தலைகுனிந்து நட, வம்புக்குப் போகாதே, இருக்கும் இடந்தெரியாமல் இரு. பள்ளி எதிர்பார்த்தது: கைத்தொழில் கற்றுக்கொள், கேள்வி கேட்காதே, மேலே பார்க்காதே. வீடும் பள்ளியும் வெவ்வேறு மொழியில் ஒரே பாடத்தைத்தான் நடத்தின: கண்ணிற் படாதே!

பிள்ளைகள் என்ன செய்தனர்? எவர் கண்ணுக்கும் தப்பாத உடையொன்றை எடுத்து உடுத்தினர்!

'ஜூட் சூட்' என்று அதற்குப் பெயர். நியூயார்க்கின் ஹார்லெம் முதலிய இடங்களிலே, நடன மன்றங்களில் ஆடிய கறுப்பின இளைஞரிடையே பிறந்து பரவிய உடை அது. தோளிலே பஞ்சு திணித்து அகலமாக்கிய மேற்சட்டை, முழங்காலைத் தொடும் நீளம். கால்சட்டையோ மார்புக்குச் சற்றுக் கீழே தொடங்கி, முழங்காலருகே பானைபோற் பருத்து, கணுக்காலில் குறுகிக் கவ்வும். அகன்ற விளிம்புத் தொப்பி. இடுப்பிலிருந்து ஊஞ்சல்போல் தொங்கும் சங்கிலி. பின்னந்தலையில் வாத்தின் வால்போல் வாரிவிட்ட முடி. பார்த்தவர் சிரித்திருக்கலாம். ஆனால் அதனை அணிந்தவன், வாரம் முழுதும் பிறர் தோட்டத்தில் குனிந்து, சனிக்கிழமை மாலையில்தான் நிமிர்ந்தவன். அந்த அகன்ற தோள், 'நானும் ஒருவன் இருக்கிறேன்' என்று அவன் எழுதிய முதல் வாக்கியம்.

பெற்றோர் பதறினர். பண்புள்ள குடும்பத்துப் பிள்ளை இப்படித் திரியலாமா என்று அன்னையர் அழுதனர். இத்தகைய இளைஞரைப் 'பச்சூக்கோ' என்றழைத்தனர். அது வசவாகவும் வழங்கிற்று. மெக்சிகோவின் பேரறிஞர் ஒக்டாவியோ பாஸ்கூட, 1950-இல் வெளியிட்ட கட்டுரை நூலில் அவ்விளைஞரைப் பற்றிக் கசப்புடனேயே எழுதினார். ஊர் வெறுத்தது, உற்றார் வெட்கினர், அறிஞரும் அணைக்கவில்லை!

முடியும் சாட்சி சொல்லிற்று

1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கிற்று. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதிபரின் ஆணையொன்று பிறந்தது. அதன்படி ஜப்பானிய வழிவந்த மக்கள் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுவாசலை விட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அடுத்த மாதம், போர்க்கால உற்பத்தி வாரியம் துணிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அன்றுமுதல் நீளச் சட்டை, தேசத் துரோகச் சட்டையாயிற்று! அதே இனத்து இளைஞர் பல்லாயிரவர் படையில் சேர்ந்து அயல்மண்ணில் குருதி சிந்திக்கொண்டிருந்தனர் என்பதை எண்ணிப்பார்க்க எவருக்கும் நேரமில்லை. துணியை அளந்து பார்த்தவர்கள் தியாகத்தை அளந்து பார்க்கவில்லை.

1942 ஆகஸ்டு 2-ஆம் நாள், ஹோசே டியாஸ் என்ற இளைஞர், 'ஸ்லீப்பி லகூன்' என்றழைக்கப்பட்ட நீர்நிலையருகே குற்றுயிராகக் கிடந்து, பின்னர் மாண்டார். காவல்துறை வலை வீசிற்று. எவர் மேல்? நீளச் சட்டை அணிந்தவர் மேல்! நூற்றுக்கணக்கான இளைஞர் பிடிக்கப்பட்டனர். 22 பேர் ஒரே வழக்கில் நிறுத்தப்பட்டனர்.

ஷெரிப் அலுவலகத்து அதிகாரி ஒருவர் விசாரணைக் குழுவின் முன் அறிக்கை படித்தார். அதன் சாரம்: இவர்கள் பழைய அஸ்டெக் இனத்தின் வழிவந்தோர், கொலை வெறி இவர்தம் குருதியிலேயே ஊறியது! படித்தவுடன் துணுக்குற்றேன். எங்கோ கேட்ட குரலாயிற்றே இது! 1871-இல் வெள்ளை ஆட்சி நம் நாட்டில் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் பேசியதும் இதே மொழியைத்தானே? பிறப்பைப் பார்த்துக் குற்றத்தைக் கணிக்கும் 'சாத்திரம்' கடல்கடந்தும் குடித்தனம் நடத்தியிருக்கிறது!

வழக்கு மன்றத்தில் நடந்ததைக் கேளுங்கள். குற்றஞ்சாட்டப்பட்ட பிள்ளைகள் முடிவெட்டிக்கொள்ளவோ, நல்ல உடை மாற்றிக்கொள்ளவோ வழியில்லாமல் வாரக்கணக்கில் அதே கோலத்தில் நிறுத்தப்பட்டனர். ஏன்? நடுவர் குழுவினர் அந்தத் தலைமுடியையும் அந்தச் சட்டையையும் பார்க்கவேண்டுமாம்! தம் வழக்கறிஞருடன் அமர்ந்து பேசவும் அவர்களுக்கு இடமில்லை. கொலையைக் கண்ட சாட்சி இல்லாத குறையைத் தலைமுடி தீர்த்துவைத்தது. 1943 ஜனவரியில் 17 பேருக்குத் தண்டனை. அவர்களுள் மூவருக்கு வாழ்நாள் சிறை!

கழியும் கத்தரியும்

அதே ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் இரவு. கடற்படைப் பயிற்சிக் கூடத்திலிருந்து ஏறத்தாழ ஐம்பது வீரர்கள், கையிற் கிடைத்த கழியும் தடியுமாக நகருக்குள் புகுந்தனர். நீளச் சட்டைக்காரர் தம்மைத் தாக்கினர், பழிவாங்கப் போகிறோம் என்றனர். திரைப்படக் கொட்டகை ஒன்றில் நுழைந்து, விளக்கைப் போடச் சொல்லி, இருக்கை இருக்கையாகத் தேடினர். முதலில் அடிபட்டவர் யார் தெரியுமா? பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவர்கள்! என் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் வயது.

மறுநாள் இருபது வாடகைக் கார்களில் ஏறி, மெக்சிக மக்கள் வாழும் கிழக்குப் பகுதிக்கே ஊர்வலம் விட்டனர். கண்ட இடத்தில் இளைஞரைப் பிடித்து அடித்தனர், சட்டையைக் கிழித்தனர், கால்சட்டையை உருவினர், வாரிவிட்ட முடியைக் கத்தரித்தனர். நடுத்தெருவில், மக்கள் வேடிக்கை பார்க்க, பிள்ளைகள் அரை நிர்வாணமாய்க் கிடந்தனர். ஜூன் 7-ஆம் நாள் இரவில் படைவீரரும் நகரத்தாருமாக ஆயிரக்கணக்கானோர் வீதியில் திரண்டனர். காவல்துறை என்ன செய்தது? பின்னாலேயே வந்து, அடிபட்டவரைக் கைது செய்தது! ஐந்நூறுக்கு மேற்பட்ட மெக்சிக இளைஞர் சிறைக்குச் சென்றனர். கடைசியில், படைத் தலைமை தன் வீரர்களை நகருக்குள் நுழையக்கூடாதெனத் தடுத்த பிறகே கலவரம் அடங்கிற்று.

நகர மன்றம் அவசரமாகக் கூடி ஒரு தீர்மானம் போட்டது. அடித்தவரைக் கண்டித்தா? அன்று! நீளச் சட்டை அணிவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கவேண்டும் என்று! நல்லவேளையாக அது சட்டமாகவில்லை. ஆனால், கிழிக்கப்பட்ட சட்டையே குற்றவாளி, கிழித்த கை அன்று என்ற நீதிக்கு ஒரு மாநகராட்சி கைதூக்கியதை வரலாறு குறித்து வைத்திருக்கிறது.

அந்த நாட்களில் நியாயம் பேசியோரும் உண்டு. கேரி மக்வில்லியம்ஸ் என்ற எழுத்தாளர், தண்டிக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் பாதுகாப்புக் குழுவின் தலைமையேற்றுப் பணம் திரட்டினார், எழுதினார், வாதாடினார். அதிபரின் துணைவியார் எலினார் ரூசவெல்ட், இதன் வேர் இன வேற்றுமையில் இருக்கிறதென்று சுட்டினார். அதற்காக அந்நகரப் பெரிய நாளேடு அவர்மீது பாய்ந்தது. ஆளுநர் அமைத்த விசாரணைக் குழுவும், இனத் துவேஷம் காரணமாக இருந்ததென்று ஒப்புக்கொண்டது. 1944 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் முந்திய தீர்ப்பைத் தூக்கியெறிந்தது; பிள்ளைகள் விடுதலையாயினர். ஆனால் சிறையிற் கழிந்த நாட்களை எந்த நீதிமன்றம் திருப்பித் தரும்?

தனிப் பள்ளிகள் என்னவாயின? மெண்டஸ் என்ற குடும்பத்தாரும் மற்றுஞ் சிலரும் வழக்குத் தொடுத்து, 1946-இல் வென்றனர். 1947-இல் மேல்நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. மெக்சிகப் பிள்ளைகளைத் தனியே ஒதுக்கிவைத்த முறை கலிபோர்னியாவில் ஆட்டங்கண்டது. நீளச் சட்டைக்காரன் தெருவிலே கேட்ட கேள்வியைத்தான், அந்தக் குடும்பங்கள் நீதிமன்றத்திலே கேட்டன.

சட்டைக்குள் இருந்தவர்கள்

"அந்தச் சட்டைக்காரர்கள் உருப்பட்டார்களா?" என்று கேட்பார் நம்மூர்ப் பெரியவர். கேட்கட்டும். விடை இருக்கிறது.

கலிபோர்னியத் தோட்டங்களில் கூலிவேலை செய்த குடும்பத்தில் பிறந்த ஓர் இளைஞர், விடலைப் பருவத்தில் நீளச் சட்டை அணிந்து திரிந்தார். செசார் சாவேஸ் என்பது அவர் பெயர். 1962-இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கண்டவர். 1965-இல் தொடங்கிய திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தின் மூலம் உலகறிந்த தலைவரானவர் அவரே. நீளச் சட்டைக்காரரின் வழக்கை 1978-இல் லூயிஸ் வால்டேஸ் நாடகமாக்கினார். ஊர் இகழ்ந்த பச்சூக்கோ, அரங்கின் நடுவே நின்று கதை சொன்னான்.

இன்னொருவரையும் சொல்லவேண்டும். அவர் மிச்சிகனில் படித்த கறுப்பினச் சிறுவர். வழக்கறிஞராக விரும்புகிறேன் என்று தம் ஆசிரியரிடம் சொன்னார். உன் நிறத்துக்கு அது பொருந்தாது, தச்சு வேலையை நினை என்ற கருத்தில் ஆசிரியர் அறிவுரை கூறினார். சிறுவருக்குப் பள்ளி கசந்தது. பாஸ்டன் நகருக்குச் சென்றவர், அங்கே ஜூட் சூட் வாங்கி அணிந்தார். அவர்தாம் பின்னாளில் மால்கம் எக்ஸ்! என் இனத்துக்காரராகிய அந்த ஆசிரியரை நினைக்கும்போதெல்லாம் என் கையிலிருந்த பிளேடும் நினைவுக்கு வருகிறது.

ஆனால் தோழர்களே, மால்கமின் வாழ்க்கை நமக்கு இன்னொரு பாடமும் தருகிறது. அதே நாட்களில் அவர் தம் சுருண்ட முடியை, எரிச்சலூட்டும் காரமருந்து தடவி, வெள்ளையர் முடிபோல் நீட்டிக்கொண்டார். பின்னாளில் தம் வரலாற்றில் அதனை நினைத்து நாணினார். தன்னைத் தானே இழிவுபடுத்திக்கொண்ட முதற்படி என்று அதனைக் கருதினார். ஆகவே, புதிய கோலம் எல்லாமே விடுதலை என்று நான் கூத்தாடவில்லை. ஆள்பவன் முகத்தைத் தன் முகத்தின்மேல் ஒட்டிக்கொள்வதும் அடிமைத்தனமே. தன் விருப்பம் எது, பிறன் திணித்தது எது என்று எண்ணிப்பார்க்கும் அறிவு வேண்டும். அந்த அறிவு எப்படி வளரும்? தானே தேர்ந்தெடுத்து, தானே தவறி, தானே திருந்தினால் வளரும். மால்கம் தம் முடியைப் பற்றித் தாமே சிந்தித்து முடிவுக்கு வந்தார். எவரும் அவரைக் கொடிக்கம்பத்தின் கீழ் நிறுத்திச் சிரைக்கவில்லை!

எட்டுத் தடைகள்

"அது அமெரிக்கா; அங்கே வெள்ளை, கறுப்பு என்ற வெறி உண்டு; இங்கென்ன?" என்று கேட்டு ஒதுங்கிவிட முடியுமா? முடியாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தலைவராக இருந்த ஹட்டன், இந்தியச் சாதிகளைப் பற்றி எழுதியதைப் புரட்டுங்கள். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது விதித்த எட்டுத் தடைகள் அதில் உள்ளன. தங்கம், வெள்ளி நகை அணியக்கூடாது. ஆடவர் முழங்காலுக்குக் கீழோ இடுப்புக்கு மேலோ துணி உடுத்தக்கூடாது. சட்டை, கோட்டு, பனியன் போடக்கூடாது. தலைமுடியைக் கிராப்பு வெட்டக்கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாண்டம் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக்கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை கூடாது. காலுக்குச் செருப்பு கூடாது!

எட்டில் எத்தனை உடையைப் பற்றியவை, பாருங்கள்! மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாகப் பெருகின. அவற்றுள் ஒன்று: பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக்கூடாது! சட்டைக்குத் தடை போட்ட கை, பலகைக்கும் தடை போட ஓராண்டுகூட ஆகவில்லை. ஏனென்று எண்ணிப் பாருங்கள். பனியன் அணிந்த சிறுவன் கண்ணாடி பார்ப்பான். கண்ணாடி பார்த்தவன் 'நானும் மனிதன்' என்பான். அப்படிச் சொன்னவன் படிக்கக் கேட்பான். தடை போட்டவர்களுக்கு இது தெரிந்திருந்தது. சட்டை பகட்டு என்று சொல்லும் நமக்குத்தான் இன்னும் தெரியவில்லை!

அந்தத் தடைகளில் ஒன்றை மீண்டும் படியுங்கள்: கிராப்பு வெட்டக்கூடாது! நம் பாட்டன்மார் காலத்தில், குடுமியைக் கத்தரித்துக் கிராப்பு வைத்துக்கொண்ட பிள்ளையை, குலத்தைக் கெடுக்க வந்தவன் என்று வீட்டார் திட்டினர். ஓரிடத்தில் கிராப்பு ஒழுக்கக்கேடு. இன்னோரிடத்தில் கிராப்பு வரம்பு மீறல். இன்றோ, ஒட்ட வெட்டிய கிராப்புதான் ஒழுக்கத்தின் இலக்கணம்! முடி சற்று வளர்ந்தால், வகுப்பறைக்கே முடிதிருத்துபவரை அழைத்துவந்து வெட்டச் சொல்கிறது பள்ளி. அப்படியானால் ஒழுக்கம் முடியின் நீளத்திலா இருக்கிறது? நீளம் மாறிக்கொண்டே வருகிறதே! கத்தரிக்கோல் எவன் கையில் என்பதுதான் அன்றுமுதல் இன்றுவரை மாறாத வழக்கு.

சீருடை வேண்டாமா?

"அப்படியானால் சீருடையைக் கொளுத்தச் சொல்கிறாயோ?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். இல்லை! பட்டுச் சட்டை அணிந்தவனும் கந்தல் உடுத்தியவனும் ஒரே பலகையில் அமரும்போது, கந்தல் கூசாமல் இருக்கவேண்டும் என்பதற்காக வந்தது சீருடை. அது துணியிலே நடத்தும் சமபந்தி. இலவசமாய்ச் சீருடை பெறும் பிள்ளையின் மகிழ்ச்சியை ஆண்டுதோறும் பார்க்கிறவன் நான். அதனை எதிர்க்க எனக்கு நாக்கு எழாது.

இன்னொன்றும் தெரியும். இந்நாட்டில் கையிற் கட்டும் வண்ணக் கயிறு வெறும் அழகுக்காக மட்டுமே கட்டப்படுவதில்லை. இந்த வண்ணம் இந்தச் சாதி, அந்த வண்ணம் அந்தச் சாதி என்று பிள்ளைகள் மணிக்கட்டில் கோட்டை கட்டும் ஊர்கள் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பின், அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதி காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளியில் தடுக்கவேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அதனை இருகையாலும் வரவேற்கிறேன்.

முரண்பாடு என்று நினைக்கவேண்டாம். சாதிக் கயிறு, 'நீ எனக்குக் கீழ்' என்று பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துச் சொல்கிறது. கூட்டம் கட்டிவிட்ட கயிறு அது. அணிந்தவன் சிந்தித்துத் தேர்ந்ததன்று. என் மாணவன் பிடித்துத் தைத்த கால்சட்டை யாரைத் தாழ்த்திற்று? யாரை அச்சுறுத்திற்று? 'இது என் கால்; என் அளவு எனக்குத் தெரியும்' என்று மட்டுமே அது சொல்லிற்று. முன்னதைத் தடுப்பது சமத்துவத்தைக் காப்பது. பின்னதை அறுப்பது, சமத்துவத்தின் பெயரால் ஒரு பிள்ளையை அறுப்பது. இந்த இரண்டுக்கும் வேறுபாடு காணத் தெரியாத கை, பிளேடு பிடிக்கவே தகுதியற்றது. என் கையும் அத்தகைய கையாகத்தான் இருந்தது.

பிரித்ததும் தைத்ததும்

அவன் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் வந்தான். பழையபடி தொளதொளத்த கால்சட்டையுடன். வகுப்பு கேட்க, "அன்று நான் செய்தது தவறு" என்று அவனிடம் சொன்னேன். ஆசிரியன் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பதா என்று சக ஆசிரியர் இருவர் முறைத்தனர். கேட்டதால் என் மதிப்பில் எவ்வளவு குறைந்ததோ நானறியேன். வகுப்பில் அமைதி மட்டும் குறையவில்லை.

பின்னர் அவன் தந்தையைக் கண்டேன். மூட்டை சுமக்கும் தொழிலாளி. "நான்தான் இப்படி அலைகிறேன், அவனாவது அடங்கி ஒடுங்கிப் படித்து முன்னேற வேண்டுமே, ஐயா" என்றார். அவர் அச்சத்தை நான் இகழமாட்டேன்; லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து அன்னையர் அழுததும் இதே அச்சத்தால்தானே? ஆனால் அவரிடம் கேட்டேன்: "அடங்கி ஒடுங்கி நீங்கள் முன்னேறிவிட்டீர்களா?" அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தத் தையல் நன்றாகவா இருந்தது?" என்று கேட்டார். "நேராக இருந்தது" என்றேன்.

பள்ளியில் ஒரு விதியைக் கேட்டுப் பெற்றிருக்கிறோம். சீருடையின் துணியும் நிறமும் மாறக்கூடாது. உடலுக்கேற்பத் திருத்தித் தைத்துக்கொள்ளலாம். எவருடைய உடையையும் எவரும் கூட்டத்தில் வைத்துத் தொடக்கூடாது. சிறிய விதிதான். புரட்சி என்று மார்தட்ட ஒன்றுமில்லை. ஆனால் இப்போது அவனிடம், தொளதொளத்த சீருடைகளைத் தூக்கிக்கொண்டு மாலை நேரத்தில் மற்றப் பிள்ளைகள் போகிறார்கள். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஒவ்வொருவனையும் நிமிர்ந்து நிற்கச் சொல்கிறானாம். குனிந்து நின்றால் அளவு சரியாக வராதாம்!

இளந்தோழர்களே! மேடையில் சாதி ஒழிக என்று முழங்குகிறோம். பழமை வீழ்க என்று பாடுகிறோம். வீட்டுக்குத் திரும்பியதும் தம்பியின் தலைமுடியைப் பார்த்து, "இது என்ன கோலம்?" என்று சீறுகிறோமே, அப்போது நம் வாயில் பேசுவது யார்? அடுத்த முறை கத்தரிக்கோலை எடுக்குமுன், அதனை நமக்கு முன்னே பிடித்திருந்த கைகள் யாருடையவை என்று ஒரு கணம் எண்ணிப்பாருங்கள். பிறகு, அதனை அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அவனுக்குத் தைக்கத் தெரியும்.